வலிக்கிற இடத்து உரு

ஜூன் 2, திங்கள்

லாரி புக்கிங் ஆபீஸில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. முன்னட்டையில் லட்சுமி படம், பின்னட்டையில் நாமக்கல்லிலிருந்து எந்தெந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்ற அட்டவணை. இதுவரை என் வீட்டுக்காரர் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. இன்று காலை கிளம்பும்போது என் கையில் திணித்தார்.

"போன்ல பேசறப்பப் பாதியை மறந்துர்ற. வந்தப்பறம் என்னமோ சொல்லோணும்னு நெனச்சேன்னு முளிக்கற. நடக்கறதையெல்லாம் இதுல எழுதி வெய்யி அம்மிணி. வந்து உக்காந்து கேட்டுக்கறேன்."

"அது இருக்கட்டும். நீங்க எப்ப வருவீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"கவுகாத்திக்கு ஜவ்வரிசி. திரும்பறப்ப டீத்தூள் லோடு கெடைக்கோணும். எப்ப வருவேன்னு லாரிக்காரங்கிட்டக் கேக்கற ஒரே பொண்டாட்டி நீதான்."

வண்டி திரும்பும் வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து பாத்திரம் துலக்கினேன். எழுதச் சொன்னாரே என்று எழுதுகிறேன். இதில் என்ன இருக்கிறது எழுதுவதற்கு?

ஜூன் 5, வியாழன்

இருக்கிறது. இன்று நான் வேலைக்குப் போகும் கோழிப்பண்ணையில் ஒரு கூத்து.

முட்டை ரூமில் நானும் பாவாயி அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து கீறல் முட்டைகளைப் பொறுக்கி ஓரம் வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு முட்டையை எடுக்கப் போனேன், கையில் காற்றுதான் வந்தது. பார்த்தால் பக்கத்தில் இன்னொன்று. அதைத் தொட்டால் அதுதான் நிஜம். ஒரு முட்டை இரண்டாகத் தெரிகிறது!

"மொதலாளிக்குத் தெரிஞ்சா உன்னையவே கோழிக்குப் பதிலா கூண்டுல போட்ருவாரு" என்றாள் பாவாயி அக்கா.

எனக்கும் சிரிப்புதான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொன்றும் தோன்றியது. இப்படியே இருந்தால் அவர் வரும்போது இரண்டு பேராகத் தெரிவார். ஒருவரை லாரிக்கு அனுப்பிவிட்டு இன்னொருவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்பது இது ஒன்றுதான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஆளாவது இருக்கவேண்டாமா?

ஜூன் 9, திங்கள்

பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி: "ஏம்மா, வலது கண்ணு பெரிசாயிருச்சே?" பால்காரர் கேட்டார், சீட்டுக்காரம்மா கேட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். வலது கண் எப்போதும்போலத்தான் இருக்கிறது. இடது கண்தான் கொஞ்சம் உள்ளே போய்ச் சின்னதாகிவிட்டது. நல்ல கண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தார்கள். நாற்பத்தாறு வயதுக்கு வரவேண்டிய பவர்தான் வந்திருக்கிறது என்றார்கள். கண்ணாடி போட்டால் இரண்டு முட்டையும் தெளிவாகத் தெரிகிறது. நல்ல வைத்தியம்!

டெய்லரிடமிருந்து ஜாக்கெட் வந்துவிட்டது. இடது பக்கம் வைக்கும் பஞ்சை இந்த முறை கொஞ்சம் தூக்கலாக வைத்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அவர் இன்று ஒடிசாவைத் தாண்டியிருக்கவேண்டும். பின்னட்டை அட்டவணையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இல்லாதபோது அவருக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் சோறு ஆக்குவதில்லை. தோசை போதும்.

ஜூன் 14, சனி

இடது இமை தொங்கிப்போய்விட்டது. விரலால் தூக்கினால் நிற்கிறது, விட்டால் இறங்குகிறது. வெயில் சூடு என்று விளக்கெண்ணெய் வைத்தேன்.

அவர் வீடியோ கால் போட்டார். கவுகாத்தியில் லோடு இறக்க வரிசையில் நிற்கிறாராம். மழையாம். நான் கேமராவைக் கையால் மூடிக்கொண்டேன்.

"என்ன புள்ள, இருட்டா இருக்குது?"

"மெட்ராஸ் ஐ வந்திருக்குதுங்க. பாக்காதீங்க, ஒட்டிக்கும்."

"போன்ல பாத்தா எப்படி ஒட்டும்?"

"ஆரு கண்டா? இந்தக் காலத்துல எல்லாமே போன்லதான வருது."

விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

இதை அவருக்கு வாசிக்கமாட்டேன்.

பாவாயி அக்கா லீவு போட்டுவிட்டுச் சேலம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண். விளக்கை அடித்துப் பார்த்தாள், விரலை ஆட்டிப் பார்த்தாள், கண்ணோரத்தை அமுக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களாம்மா?"

"இல்லீங்க."

கண்ணுக்கு வந்த இடத்தில் அந்தக் கதையை எதற்குச் சொல்லவேண்டும்? அது ஏழு வருஷத்துக்கு முந்தியது. முடிந்துபோனது. வருஷா வருஷம் செக்கப்புக்கு வரச் சொன்னார்கள், இரண்டு வருஷம் போனேன், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிட்டேன். முடிந்ததைப் பற்றிப் பேசினால் மறுபடி வந்துவிடும் என்று ஒரு நினைப்பு எனக்கு. அவரும் நானும்கூட அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்ததும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். நான் அதே பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாவாயி அக்கா பொறுக்கமாட்டாமல், "ஏனுங்க டாக்டரம்மா, அந்தப் புள்ளைக்கு ஒரு பக்கம் மாரே கெடையாதுங்களே! அதைச் சொல்லவேண்டியதில்லீங்களா?" என்று போட்டு உடைத்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

கண்ணோரத்தில் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தையல். அவருக்கு இன்னும் லோடு கிடைக்கவில்லை. மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். மிளகாய் காயவைத்தேன்.

ஜூன் 28, சனி

அதுதான். அதேதான்.

"இது கண்ணுல புதுசா வந்தது இல்லம்மா. மார்புல இருந்த பழைய நோய்தான், கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற குழியில வந்து உக்காந்திருக்கு. சுருங்கிச் சுருங்கிக் கண்ணை உள்ளே இழுக்குது" என்றாள் டாக்டர். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். கரண்ட் வைப்பார்களாம், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மாத்திரையும் உண்டாம்.

"போயிருமுங்களா?"

"முழுசாத் தொரத்த முடியாதும்மா. கட்டிப்போட்டு வைக்கலாம். அப்படியே பல வருஷம் இருக்கிறவங்க இருக்காங்க. வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

பஸ்ஸில் வரும்போது பாவாயி அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உடனே போன் போட்டு அவரிடம் சொல்லச் சொன்னாள் அக்கா. மாட்டேன் என்றேன்.

போன தடவை சொன்னேனே! நாக்பூரில் இருந்தார். மாரில் கட்டி, ஆபரேஷன் என்று சொன்ன ஒரு வார்த்தைக்குத் தூங்காமல் ஓட்டிக்கொண்டு வந்தார். கிருஷ்ணகிரி தாண்டி வண்டி தடுப்புச் சுவரில் ஏறிவிட்டது. நான் ஒரு ஆஸ்பத்திரியில், அவர் நெற்றி கிழிந்து இன்னொரு ஆஸ்பத்திரியில். எனக்கு நினைவு தெளிந்தபோது பக்கத்தில் இருந்தது அவர் அல்ல, அவருடைய சட்டையில் இருந்த ரத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள். இந்த முறை அப்படி நடக்கக்கூடாது. அவர் மெதுவாக வரட்டும். தூங்கித் தூங்கி வரட்டும். வந்து சேர்ந்தால் போதும்.

"அப்படின்னா ஆத்தா கோயலுக்காவது போயிக் கண்மலர் வாங்கிப் போடு" என்றாள் அக்கா.

எங்கள் மாரியாத்தா கோயிலில் அது வழக்கம். உடம்பில் எந்த இடம் வலிக்கிறதோ அந்த இடத்தின் உருவை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடவேண்டும். கைக்குக் கை, காலுக்குக் கால். கண்ணுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்த தகடு, அதுதான் கண்மலர். ஏழு வருஷத்துக்கு முன்பு நான் படுக்கையில் கிடந்தபோது, நெற்றிக் கட்டோடு அவர் தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். "உரு போட்டாச்சு. இனி உனக்கு ஒண்ணும் வராது" என்றார்.

வந்துவிட்டதே! ஆத்தா வாங்கி உண்டியலில் போட்டுக்கொண்டாளே, கடைக்காரன்கூடக் காசு வாங்கினால் பொருள் கொடுப்பானே! அவளிடம் எனக்கு இப்போது பேச ஒன்றுமில்லை.

ஜூலை 3, வியாழன்

டீத்தூள் லோடு ஏற்றிவிட்டார். கிளம்பிவிட்டார்.

"கண்ணு வலி சரியாப் போச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."

"இத்தனை நாளா? டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தேன். நீங்க மெதுவா வாங்க. மாத்து டிரைவருகிட்டக் குடுத்துட்டு நல்லாத் தூங்குங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"எப்பவும் சீக்கிரம் வா சீக்கிரம் வான்னு உயிரை எடுப்ப. இப்ப மெதுவா வாங்கற. என்னமோ இருக்குது புள்ள."

"ஆமா. வேற ஆளைப் பாத்துட்டேன். அவரு போனப்பறம் வந்தாப் போதும்."

சிரித்தார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவசரமில்லையா எனக்கு? அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். இந்த இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும். இமை முக்கால்வாசி இறங்கிவிட்டது. வரும்வரை தாங்குமா?

ஜூலை 6, ஞாயிறு

முழுக்க மூடிக்கொண்டது.

ஜூலை 8, செவ்வாய்

இந்த ஊரில் லாரிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுகிறவள் நாள் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கவேண்டும். ஓடினேன்.

ஜூலை 10, வியாழன்

வந்துவிட்டார்.

காலையிலேயே சேலத்திலிருந்து போன் வந்தது. அரிசியும் பருப்பும் ஆக்கினேன். பாவாயி அக்கா புரை ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். தாடி, அழுக்கு லுங்கி, டீத்தூள் வாசனை. இளைத்திருந்தார். இரண்டு பேராக வருவார் என்று நினைத்திருந்தேனே, ஒரு கண் மூடிவிட்டதால் ஒருவர்தான் வந்தார்.

"கிட்ட வராதீங்க. ஒட்டிக்கும்" என்றேன். உள்ளே போய்ச் சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்ட பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்பது என் கணக்கு.

"ஒட்டட்டும். ரெண்டு பேரும் கண்ணு செவந்து ஒண்ணாக் கெடப்போம்" என்று நேராக என்னிடம் வந்தார். ஏதோ விளையாட்டுபோல இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினார்.

கழற்றியவர் அப்படியே நின்றார். அந்தக் கண்ணைப் பார்த்தார், இந்தக் கண்ணைப் பார்த்தார். நான் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். சொன்னேன். ஒன்றுவிடாமல் எல்லாம் சொன்னேன்.

"எப்ப இருந்து?"

"நீங்க போன வாரத்துல இருந்து."

"ஏன் சொல்லல?"

"நாக்பூர்" என்றேன்.

அவர் கை தானாக நெற்றித் தழும்புக்குப் போயிற்று. பாவாயி அக்காவின் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார். "சோத்தைப் போடு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முழங்கை என் மேல் பட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை நாளாக இதற்குத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 11, வெள்ளி

காலை எழுந்ததிலிருந்து வண்டியைக் கழுவினார். கழுவிய இடத்தையே கழுவினார். தெருக்கோடி வரை தண்ணீர் ஓடியது. எதிர்வீட்டுக்காரி ஜாடையாகக் கேட்டும் பார்த்தாள். கடைசியில் நனைந்த லுங்கியோடு உள்ளே வந்து கீழே உட்கார்ந்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். திட்டக்கூடாது."

"கேட்டுட்டுத்தான் சொல்லுவேன், திட்டறதா வேண்டாமான்னு."

"அன்னைக்கு ஆத்தா கோயல்ல உரு போட்டேன்னு சொன்னனில்ல? அது மார் இல்ல."

"பின்ன?"

"கண்ணு."

எனக்கு விளங்கவில்லை.

"கடையில சுத்தியும் பொம்பளைங்க. தட்டுல எல்லாத்தையும் பரப்பி வெச்சிருக்குது. கையி, காலு, வயிறு. அதுவும் இருந்துச்சு. அந்தக் கடைக்கார அக்கா 'என்னங்ணா வேணும்?'ங்குது. வாயே வரல எனக்கு. கை தானாப் போயிக் கண்மலரைக் காட்டிருச்சு. ஆத்தாளுக்குத் தெரியாததா, மனசுல இருக்கறதைப் பாத்துக்குவாள்னு போட்டுட்டு வந்துட்டேன். அவ கண்ணுன்னே எடுத்துக்கிட்டா. நான்தான் எடத்தை மாத்திக் காட்டிட்டேன்."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். இமயமலை ரோட்டிலெல்லாம் பிரேக் இல்லாமல் வண்டியை இறக்கியதாகக் கதை விடுகிற மனுஷன்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடை வாசலில் இவர் நெளிந்துகொண்டு நின்றதை நினைக்க நினைக்க வயிறு வலிக்கச் சிரித்தேன். மூடிக்கிடந்த கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது.

"ஏனுங்க, கண்ணைக் குடுத்தா கண்ணைக் காப்பாத்தத்தான வேணும்? எடுத்துக்குவாளா? எப்படிப் பாத்தாலும் உங்க மேல தப்பு வராதுங்க."

"உனக்குத் தெரியாது" என்றார்.

நோய் எனக்கு, அழுகை இவருக்கு. தலையைத் துவட்டிவிட்டேன். தாடியில் நிறைய வெள்ளை. போகும்போது இத்தனை இல்லை.

ஜூலை 14, திங்கள்

டைரியை வாசிக்கச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரிப் பக்கங்களைத் தாண்டிவிட்டேன். இரண்டு முட்டை, இரண்டு புருஷன் இருக்கும் பக்கத்தை வாசித்தேன்.

"சரி, அந்த ரெண்டு பேர்ல எவனை லாரிக்கு அனுப்புவ?"

"நல்லா ஓட்டறவனை."

"அப்ப வீட்ல இருக்கறவன்?"

"அவனுக்கு ஒரு வேலையும் தெரியவேண்டியதில்ல. இருந்தாப் போதும்."

டைரியை என் கையிலிருந்து வாங்கி மூடிவைத்தார். பிறகு கோயமுத்தூரில் கரண்ட் வைத்து முடியும்வரை வண்டியை மாற்று டிரைவரிடம் விடப்போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு? நானும் கேட்கவில்லை. ஓடிய கால் அவருடையது, வண்டி ஓட்டாமல் அவரால் இருக்கமுடியாது என்று எனக்குத் தெரியும். எத்தனை ஓட்டத்துக்கு நான் வாசலில் நிற்பேன் என்பதும் அந்தச் சின்ன டாக்டரம்மாவுக்கே தெரியாது.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

நாளைக் காலை பஸ்ஸில் கோயமுத்தூர். துணிப்பை இரண்டும் கட்டியாயிற்று. இன்று ஆத்தா கோயிலுக்குப் போனோம். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். "எனக்காக வா" என்றார்.

ஆடி வெள்ளிக் கூட்டம் கேட்கவா வேண்டும்! உருக்கடையைச் சுற்றி அத்தனையும் பெண்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் பின்னால் நின்றேன். அவர் சட்டைப் பட்டனைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார். பிறகு நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி, "அக்கா, மார் ஒண்ணு குடுங்க. எடது மார். எம்பொண்டாட்டிக்கு" என்றார்.

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயசான அம்மா அவருக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டாள். கடைக்காரி தகட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். வியர்த்துக் கொட்டியிருந்தது அவருக்கு. "கண்மலர் ஒண்ணும் குடுங்க" என்று அதையும் வாங்கிக்கொண்டார். வாங்கிவிட்டு, பாஸானவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அந்த ஆளை அங்கேயே கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. அத்தனை கூட்டத்தில் எப்படி? முன்னால் போய்த் தட்டைப் பார்த்தேன். கை, கால், வயிறு, தொட்டில், வீடு. ஓரத்தில் முழு உருக்கள்.

"எனக்கு ஆம்பளை உரு ஒண்ணு குடுங்கக்கா. முழு ஆளு."

"ஆருக்குங்க ஒடம்பு சரியில்ல?" என்றாள் கடைக்காரி.

"எனக்குத்தான்."

"அப்பறம் எதுக்கு ஆம்பளை உரு கேக்கறீங்க?"

"வலிக்கற எடத்தைத்தானக்கா வாங்கிப் போடோணும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே பெரிய உருவாக ஒன்றைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.